முடிவு தெரிந்தும் மறுபடி உட்கார வைத்தவை

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு, மே மாசம் பத்து நாள் சேலத்துக்கு வரோம், பார்க்கிற மாதிரி விளையாடுற மாதிரி நல்லதா நாலு சொல்லுக்கா என்றாள். நான் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. "எழுதியே அனுப்பிடு தாயே" என்று சிரித்தபடி வைத்துவிட்டாள். சரி, அவளுக்கு எழுதியதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இது. நான் விமர்சகி எல்லாம் கிடையாது. அம்மாப்பேட்டையில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீட்டில் பதிமூன்று வயதுப் பையன் இருக்கிறான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம் கிடைக்கும். அதனால் நேரத்தை வீணடிக்கிற எதன் மேலும் எனக்குக் கோபம் வரும்.

என் கணக்கு ஒன்றே ஒன்றுதான். முடிவு தெரிந்த பிறகும் அது என்னை மறுபடி உட்கார வைக்கிறதா? "அய்யோ ட்விஸ்டைச் சொல்லிடாதே" என்று காதைப் பொத்திக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ட்விஸ்ட் தெரிந்ததும் செத்துப்போகிற கதை என்றால் அதில் முதலிலேயே உயிர் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது. இந்தக் கணக்கு என் சொந்தச் சரக்கு இல்லை, கூத்துப் பார்த்து வந்தது.

அதனால் கூத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் அப்பா தறி ஓட்டியவர். பங்குனி பிறந்துவிட்டால் சனிக்கிழமை தறியை நிறுத்திவிட்டு, டிவிஎஸ் ஐம்பதில் என்னை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு, தாரமங்கலம், மேச்சேரி, ஓமலூர் என்று எந்த ஊர்க் கோயிலில் கூத்து நடக்கிறது என்று விசாரித்துப் போய்விடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கொட்டு ஆரம்பிக்கும். முகவீணை கிளம்பியதும் அதுவரை டீக்கடைப் பக்கம் நின்று கதை பேசிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் பாயைத் தேடி வருவார்கள். முதலில் கோமாளி வந்து ஊர்ப் பெரியவர்களையே இழுத்து வைத்துக் கிண்டல் பண்ணுவான், சம்பாவனை கொடுத்தவர் பேரைச் சொல்லி வாழ்த்துவது போலவே வாருவான். அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, திரைக்குப் பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். வேஷக்காரர் முகத்தைக் காட்டாமலே பாடுவார். அந்தத் திரை விலகுவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். இன்றைக்குப் பெரிய பெரிய சினிமாவில் கதாநாயகனை அறிமுகப்படுத்தப் படாத பாடு படுகிறார்கள், அதை ஒரு பழைய வேட்டியை வைத்தே இவர்கள் செய்துவிடுவார்கள்.

நான் ஒரே ஒரு கூத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் கர்ண மோட்சம் பார்ப்பேன். போருக்குக் கிளம்பும் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறப் போவான், அவள் அவன் பிறப்பைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இரண்டு பேருக்கும் நடக்கிற அந்த வாக்குவாதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பொன்னுருவி வேஷம் கட்டியவர் மீசை மழித்த ஒரு ஆண்பிள்ளை என்பதே மறந்துபோய், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி "இவளுக்கு இம்புட்டு திமிரு ஆகாது" என்று நிஜமாகவே திட்டினாள். அப்புறம் சல்லியன் வருவான், தேரோட்டப் பிடிக்காமல் கர்ணனைக் குத்திக் குத்திப் பேசுவான். கடைசியில் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் செய்த புண்ணியத்தை எல்லாம் தானமாகக் கேட்பான். அது நடக்கும்போது கிழக்கே வெளுத்திருக்கும். வேஷக்காரர் முகத்து அரிதாரம் வேர்வையில் கோடு கோடாக வழிந்திருக்கும், ராத்திரி பத்து மணிக்கு இருந்த குரல் இருக்காது, கரகரத்துப் போயிருக்கும். அந்தக் கரகரப்புதான் கர்ணன். ஏசி அரங்கத்தில் சாயங்காலம் ஆறரைக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, நடுச்சாமத்தில் தூங்கி வழிந்துகொண்டு அப்பாவிடம் கேட்டேன், கர்ணன் செத்துருவான்னுதான் எல்லாருக்கும் தெரியுமே, எதுக்குப்பா விடிய விடிய உட்காந்திருக்கோம் என்று. "அவனுக்கும் தெரியும் கண்ணு. தெரிஞ்சும் கெளம்புறான் பாரு" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை, டீ வாங்கப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். டிக்கெட் கிடையாது. ஊருக்குள் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் கோயில் பூக்கடையில் கேட்டால் எந்த நாள் என்ன கூத்து, எந்த செட் வருகிறது என்று ஜாதகமே சொல்லிவிடுவார்கள். குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்காராதீர்கள், மறுநாள் பூராவும் காது இரையும். ஹார்மோனியக்காரருக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தால் வேஷக்காரர்கள் அவரிடம் சாடை காட்டிப் பேசுவதும் தெரியும், அது தனி நாடகம். பிள்ளைகளால் ராத்திரி முழுக்க முடியாதென்றால் முன்னிரவில் தூங்கவைத்து விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவும் குற்றமில்லை. விழாக்களிலும் கல்லூரிகளிலும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுகிற கூத்தை மட்டும் பார்த்துவிட்டு "பார்த்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். அது பிரியாணியை முகர்ந்து பார்த்துவிட்டு வருவது. எங்கள் மாவட்டத்தில் துக்க வீடுகளில் காரியத்தின்போது அரிச்சந்திரன் மயான காண்டம் வைக்கிற வழக்கமும் உண்டு. அதற்கு யாரும் தேடிப் போக வேண்டாம், ஆனால் ஒரு முறை கேட்டவர்களுக்கு மறக்காது. கூத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போகலாமே என்று நினைப்பவர்கள் மணல்வீடு இதழைத் தேடிப் பாருங்கள். மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து அதை நடத்துகிற மு. ஹரிகிருஷ்ணன் கூத்துக் கலைஞர்களுக்காக விடாமல் வேலை செய்துவருகிறவர்.

ஆடியில் வருகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கிற மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை. மேடை நாடகம் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்வேன். சிவன் பார்வதி, நரசிம்மர், மகிஷனை வதைக்கிற அம்மன் என்று ஆட்கள் வேஷம் கட்டி, லைட்டெல்லாம் போட்டு அலங்கரித்த வண்டியில் அசையாமல் நிற்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. வசனம் கிடையாது, கதை கிடையாது, நமக்கு முன்னால் ஒரு காட்சி நகர்ந்து போகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தடவை வண்டி ஜனநெரிசலில் எங்கள் முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டது. கையில் சூலத்தை ஓங்கியபடி நின்ற அந்தப் பையனின் கை நடுங்கியது, கண்ணில் வேர்வை இறங்கியது, ஆனால் கை மட்டும் இறங்கவில்லை. சுற்றி நின்ற கூட்டம் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி நகர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். இதைப் பார்க்கப் போனால் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தட்டு வடை செட் அங்கேயே வாங்கித் தின்றுகொள்ளலாம் என்று நினைத்தால் கூட்டத்தில் கை வாய்க்குப் போகாது.

பட்டணத்து நாடகம் என்றால் எனக்குக் கிரேஸி மோகன்தான். சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது சாக்லேட் கிருஷ்ணா பார்த்தேன். அவருடைய எல்லா நாடகத்திலும் நாயகன் பேர் மாது, நாயகி பேர் ஜானகி, அதனால் பேர் ஞாபகம் வைக்கிற வேலையே இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த மாமா ஒருத்தர் ஒவ்வொரு ஜோக்குக்கும் அரை நொடி முன்னாலேயே சிரித்தார். பத்தாவது தடவை பார்க்கிறாராம். கர்ண மோட்சம் பார்க்கிற கிழவிக்கும் இந்த மாமாவுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மோகன் 2019 ஜூனில் போய்விட்டார். அவர் தம்பி மாது பாலாஜியோடு குழு தொடர்ந்து நடத்திவருகிறது. வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். வீடியோவில் பார்த்தால் பாதிதான் வரும், பக்கத்துச் சீட்டுக்காரர் சிரித்தால்தான் நமக்கும் சிரிப்பு வருகிற வகை அது.

இனி டிவி. விடாது கருப்பு. வேறு எதைச் சொன்னாலும் இதற்கு அப்புறம்தான். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, மர்மதேசம் வரிசையில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அது ஓடின காலத்தில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. இரண்டு வீடு தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நடுவில் இருந்த வேப்பமரத்தைத் தாண்ட நானும் தங்கச்சியும் கையைக் கோர்த்துக்கொண்டு ஓடுவோம். தப்புச் செய்தவனைக் கருப்பு தண்டிக்கும் என்று நம்புகிற ஒரு ஊர், அந்த ஊரில் அடுத்தடுத்து விழுகிற கொலைகள், சாமியா ஆளா என்ற கேள்வி. முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. என் கொள்கைப்படி சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் தங்கச்சி பிள்ளைகள் முதல் தடவை பார்க்கப் போகிறார்கள், அந்தப் பயத்தை அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. (ஆமாம், கொள்கையில் ஓட்டை இருக்கிறது. இருக்கட்டும்.)

ஆனால் பெரியவர்கள் இரண்டாம் தடவை பாருங்கள். யார் என்று தெரிந்தபின் முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய் அந்த ஆளின் முகத்தை மட்டும் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, வாசலில் நிற்கும்போது, யாரும் கவனிக்காத ஓரத்தில் என்ன நடக்கிறதென்று. நான் யூடியூபில் மறுபடி பார்த்தபோது இட்லிக்கு மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சேத்தன், தேவதர்ஷினி இரண்டு பேரும் அதில் எவ்வளவு சின்னப் பிள்ளைகள்! படம் கொஞ்சம் மங்கல்தான், சில இடத்தில் வசனம் நீட்டி முழக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதே நாகாவின் ரமணி வெர்சஸ் ரமணியும் நன்றாக இருக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரும் ரமணி, அவர்கள் சண்டைதான் கதை. சமைக்கும்போது ஓடவிட ஏற்றது.

புதிதாக வந்ததில் அயலி. ஜீ5-ல் 2023 ஜனவரியில் வந்தது, முத்துக்குமார் இயக்கியது, எட்டே அத்தியாயம். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம், தொண்ணூறுகள். பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ணிவிடுவார்கள். டாக்டர் ஆக ஆசைப்படுகிற தமிழ்ச்செல்வி வயதுக்கு வந்ததையே வீட்டிலும் ஊரிலும் மறைக்கிறாள். கேட்டால் பாடம் நடத்துகிற கதை மாதிரித் தெரியும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, ஆனால் எடுத்தவர்களுக்குக் கிண்டல் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நமக்குப் பதறும், அடுத்த நிமிஷம் சிரிப்பு வரும். அபி நட்சத்திரா அந்தப் பெண்ணாகவே இருக்கிறார், அம்மாவாக வருகிற அனுமோள் அதற்கு மேல். அம்மாவுக்கு விஷயம் தெரிகிற இடம் வரும்போது நான் பையனை வெளியே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன், அப்புறம் அனுப்பவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து "நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?" என்று மட்டும் கேட்டான். அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

சுழல் என் கணக்கில் பாதி பாஸ். 2022-ல் அமேசான் பிரைமில் வந்தது, புஷ்கர்-காயத்ரி எழுதியது, மலையூர் ஒன்றில் நடக்கும் கதை, கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், பார்த்திபன். காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடுவதும் ஊரில் நடக்கிற மயானக் கொள்ளைத் திருவிழாவும் மாறி மாறி வரும். முதல் தடவை பார்க்கும்போது ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்தேன், காலையில் கடையில் ஒரு பில்லைத் தப்பாகக் கூட்டி வாங்கிக்கட்டிக்கொண்டேன். இரண்டாம் தடவை போட்டபோது மூன்றாம் அத்தியாயத்தில் கை தானாக மொபைலை எடுத்துவிட்டது. ஆள் யார் என்று தெரிந்த பிறகு விசாரணைக் காட்சிகளில் பிடிமானம் இல்லை. திருவிழாக் காட்சிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. மாசியில் சிவராத்திரி முடிந்து எங்கள் பக்கம் அங்காளம்மன் கோயில்களில் நடக்கிற கொள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்த வேஷங்களும் பறைச் சத்தமும் அந்நியமாக இருக்காது. ஒரு தடவை பாருங்கள், போதும். தினசரி சீரியல்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அம்மா இதைப் படிப்பாள், எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். இதில்தான் ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். காலேஜ் படித்தபோது ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. பையன்கள் எல்லாம் ரோடு ராஷில் பைக்கை உதைத்துக்கொண்டிருப்பார்கள், மூலை கம்ப்யூட்டரில் யாரோ ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போட்டுவைத்திருந்தார்கள். ரெஸ்யூம் அடிக்கப் போன நான் அதில் ஆடு மேய்க்க ஆரம்பித்து மாலை பஸ்ஸை விட்டேன். ஊரைக் கட்டி, படை சேர்த்து, எதிரியோடு மோதுகிற விளையாட்டு அது, 1999-ல் வந்தது. 2019-ல் படத்தையெல்லாம் புதுப்பித்து மறுபடி விட்டார்கள், 2022 ஏப்ரலில் இந்திய அரச வம்சங்கள் என்று ஒரு கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் திராவிடர் என்று தனிப் படை இருக்கிறது, ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை இருக்கிறது. ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான்! முதல் தடவை கேட்டபோது நான் ஹெட்போனைக் கழற்றி வீட்டுக்காரர் காதில் வைத்தேன், அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், "ம்" என்றார்.

அந்தப் படையின் சிறப்பே கடலும் காலாட்படையும்தான். திரிசடை என்று பெரிய கப்பல் உண்டு, உருமி என்கிற சுருள்வாளைச் சுழற்றுகிற வீரன் உண்டு, கூட்டமாக நிற்பவர்கள் நடுவில் அவனை விட்டால் சுற்றியிருப்பவன் எல்லாருக்கும் அடி விழும். யானையும் உண்டு. ஆனால் குதிரையில் பாவம் ஏழை, நைட் என்கிற குதிரை வீரனே கிடையாது, ஆரம்பத்தில் எதிரிக் குதிரை வந்து வயலில் வேலை செய்கிறவர்களை வெட்டிவிட்டுப் போனால் துரத்த ஆளிருக்காது. பையன் எப்போதும் என்னை இப்படித்தான் ஜெயிப்பான். கடைசிக் காலம் வரைக்கும் தாக்குப் பிடித்துவிட்டால் வூட்ஸ் எஃகு என்று நம்ம தென்னாட்டுப் பழைய உருக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், அப்புறம் என் ஆட்கள் வெட்டும்போது எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது. இதைப் பையனுக்குச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கஞ்சமலை இருக்கிற திசையைக் காட்டினேன். அந்த மலையில் இரும்புத் தாது உண்டு, பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரர் காலத்தில் இரும்பாலை வைத்த ஹீத் நம்ம சேலத்துத் தாதுவைத்தான் கொண்டுபோனார், இன்றைக்கு நம் உருக்காலை இருப்பதும் அந்த மலை அடிவாரத்தில்தான், இந்தப் பக்கத்து உருக்குத்தான் அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போய் வாளாச்சு என்றேன். "அப்ப நமக்கு குதிரையும் குடுத்திருக்கலாம்ல" என்றான். நியாயம்தான்.

ராஜேந்திரன் கதையில் அவன் கடாரம் வரைக்கும் போவான் என்பது பள்ளிக்கூடத்துப் பாடத்திலேயே வந்துவிட்டது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் மரம் பத்தாமல், கப்பல் கட்ட நேரம் பத்தாமல், இந்தத் தடவை போக மாட்டானோ என்று எனக்குக் கைவேர்க்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், படத் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் போதும்.

தங்கச்சி குடும்பத்துக்கென்றே நான் எடுத்துவைத்திருப்பது இட் டேக்ஸ் டூ. பழைய பிஎஸ்4 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினோம், அதில் அதிகம் ஓடியது இதுதான். 2021-ல் வந்தது, ஸ்வீடனில் ஹேஸ்லைட் என்ற நிறுவனம், ஜோசப் ஃபாரெஸ் இயக்கம், அந்த வருடம் கேம் அவார்ட்ஸில் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. தனியாக விளையாடவே முடியாது, இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். விவாகரத்து பண்ணப் போகிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மகளின் கண்ணீர் பட்டுப் பொம்மைகளாகிவிடுகிறார்கள், மறுபடி மனுஷராக வேண்டுமென்றால் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். அவனிடம் ஆணி, இவளிடம் சுத்தியல் தலை. அடுத்த இடத்தில் அவனிடம் பிசின் துப்பாக்கி, இவளிடம் தீக்குச்சி. அவன் பிசினை அடிக்க இவள் பற்றவைக்க வேண்டும். ஒருத்தர் கை தாமதமானால் இரண்டு பேரும் சாவு. நானும் வீட்டுக்காரரும் விளையாட ஆரம்பித்து முதல் மணி நேரத்திலேயே கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் பேசாத பேச்செல்லாம் பேசிவிட்டோம். "இப்ப குதின்னா இப்ப குதி, யோசிச்சிட்டு குதிக்காத" என்று அவர் கத்த, பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதில் ஒரு யானைப் பொம்மை வரும். அந்த இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாடப் போகிறாள். மகளை அழவைத்தால் மந்திரம் உடையும் என்று நினைத்து அவளுக்குப் பிடித்த யானைப் பொம்மையை இந்த அப்பா அம்மாவே இழுத்துப்போய்க் கொல்வார்கள், அந்தப் பொம்மை கெஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு "நான் பண்ண மாட்டேன்" என்றார். நிஜமாகவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான்தான் முடித்தேன். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார். மற்றபடி அருமையான விளையாட்டு. முடித்த பிறகு ஆளை மாற்றிக்கொண்டு மறுபடி விளையாடுங்கள், கருவி மாறுவதால் பாதி புதுசாக இருக்கும், யார் யாரைக் காக்கவைக்கிறார்கள் என்பதும் மாறும். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாம் தடவைதான் எனக்கு அவர் ஏன் கத்தினார் என்று புரிந்தது.

ராஜி என்று ஒன்று இருக்கிறது, புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்கிற சின்னக் குழு 2020-ல் விட்டது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடுகிற சர்க்கஸ்காரப் பெண், துர்க்கையும் விஷ்ணுவும் நடுநடுவே பேசிக்கொண்டே கதை சொல்வார்கள். கதைப் பகுதிகள் பாவைக்கூத்து மாதிரி வரும், விளக்குக்கு முன்னால் பொம்மை அசைகிற நிழலாக. அப்பாவைக் கூப்பிட்டு அதை மட்டும் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார், "குச்சி தெரியுது" என்று சந்தோஷப்பட்டார். சண்டை சுமார்தான், சில இடத்தில் குதித்தால் விழுந்துகொண்டே இருக்கிறாள். பெரிய குறை, ஐந்தாறு மணி நேரத்தில் பொசுக்கென்று முடிந்துவிடும், திரை போட மறந்து கலைந்துபோன கூத்து மாதிரி. மறுபடி முழுசாக விளையாட மாட்டேன், நிழல்பொம்மைக் காட்சிகளை மட்டும் திரும்பப் பார்ப்பேன். தள்ளுபடியில் வாங்குங்கள். ஸ்டார்டியூ வேலி பற்றித் தனியாக எழுத வேண்டும், எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து தனியாகவே செய்து 2016-ல் விட்ட விவசாய விளையாட்டு, கடைக் கணக்கு முடித்த ராத்திரிகளில் முள்ளங்கி பிடுங்கினால் எனக்குத் தலைவலி போகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஏற்காட்டில் கோடை விழாவுக்குப் போய் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் இருந்தோம். பேர் வேண்டாம். "கேமிங் ரூம் உண்டு" என்று படம் போட்டுத் தனியாகக் காசும் வாங்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல் வந்த பையன் அந்த ரூமைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனான். இரண்டு ஜாய்ஸ்டிக்கில் ஒன்றுக்கு இடது பட்டனே இல்லை, இன்னொன்று சார்ஜ் ஏறாது, டிவிக்குக் கீழே நனைந்த துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கேட்டால் "பனி சார், மலையில இப்படித்தான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார் அங்கிருந்தவர். அதோடு கரண்டும் போனது. வெளியே பனி இறங்கி எதிரில் இருந்த சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை. கடைசியில் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டை கேட்டு வாங்கி உரசி, தாயம் ஆடினோம். பையன் என் காயை நாலு தடவை வெட்டினான். அந்த இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். மறுநாள் சாயங்காலம் விழா மேடையில் தப்பாட்டம் நடந்தது, குளிரில் அடித்தவர்கள் நெருப்புக் காட்டித் தோலைக் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நன்றாக இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் விளையாட்டு ரூமுக்குக் காசு கட்டாதீர்கள். போகிற வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் மேல் படம் வந்தது, 1956-ல் தமிழின் முதல் கலர்ப் படம் வந்ததும் அங்கிருந்துதான். இப்போது வளைவு மட்டும் நிற்கிறது.

தங்கச்சிக்கு: மே இரண்டாம் சனிக்கிழமை மேச்சேரிப் பக்கம் கர்ண மோட்சம் இருக்கிறதாம், பூக்கடையில் கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு இப்போது முட்டி மடங்காது, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காரில் போட்டுக்கொள்ளலாம். வரும்போது உன் ஜாய்ஸ்டிக்கையும் பழைய போர்வை இரண்டும் எடுத்து வா, என்னிடம் இருந்த போர்வையைத் தெருநாய் இழுத்துப்போய்க் குட்டி போட்டிருக்கிறது.